பதினோராவது மாடிக்குக் கீரிப்பூச்சி எப்படி வந்தது?

கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் ஒரு தாய் கேட்டிருக்கிறார்: இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள் இரவில் பின்பக்கத்தைச் சொறிந்துகொண்டு தூங்காமல் புரள்கிறாள். கிளினிக்கில் பூச்சி மாத்திரை ஒன்று கொடுத்தார்கள், நின்றது, ஒன்றரை மாதத்தில் திரும்பவும் ஆரம்பித்துவிட்டது. மலப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்திருக்கிறது. மாமியார் சாக்லேட்டைக் குறை சொல்கிறார், கணவர் பூனையைக் குறை சொல்கிறார். "பதினோராவது மாடியில் இருக்கிறோம், பிள்ளை மண்ணையே மிதிப்பதில்லை, எங்களுக்கு எப்படிப் பூச்சி வரும்? பள்ளியில் புகார் செய்யட்டுமா? ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாத்திரை கொடுத்துவந்தால் போதுமா?"

தங்கச்சி, நான் டாக்டர் இல்லை. ஆய்வுக்கூடத்தில் மலத்தையும் ஸ்லைடையும் பார்த்தே காலம் தள்ளியவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், மாத்திரை விஷயத்தை உங்கள் டாக்டரிடமோ மருந்தகத்திலோ ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சாக்லேட்டும் இல்லை, பூனையும் இல்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது பெரும்பாலும் கீரிப்பூச்சி. அதற்கு மண்ணே வேண்டாம். மனிதக் கையும், படுக்கையும், பக்கத்தில் படுக்கும் இன்னொரு பிள்ளையும் இருந்தால் போதும், முப்பதாவது மாடியிலும் குடும்பம் நடத்தும். மாத்திரையும் வேலை செய்யாமல் போகவில்லை; ஒரே ஆளுக்கு ஒரே தடவை கொடுத்து நிறுத்தியதுதான் கோளாறு.

இது எப்படிப் பிழைக்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். பெண் பூச்சி ஒரு சென்டிமீட்டர் நீளம், வெள்ளை நூல் துண்டு மாதிரி இருக்கும். பெருங்குடலில் இருந்துகொண்டு, பிள்ளை தூங்கிய பிறகு ஆசனவாய் வழியே வெளியே வந்து அங்கேயே தோலில் முட்டையிடுகிறது. ஒன்றிடம் பத்தாயிரம் முட்டை வரை இருக்கும். அந்த ஊர்தலும் பசை மாதிரியான முட்டைப் படலமும்தான் அரிப்பு. பிள்ளை தூக்கத்திலேயே சொறிகிறாள், முட்டை நகத்துக்குள் போகிறது, காலையில் அந்த விரல் வாய்க்குப் போகிறது. மற்றப் புழுக்களின் முட்டை தயாராக வாரக்கணக்கில் ஆகும். இதற்கு நாலிலிருந்து ஆறு மணி நேரம் போதும். அதாவது இரவு பன்னிரண்டுக்கு இட்ட முட்டை, காலை ஐந்தரைக்குப் பள்ளிக்கு எழுப்பும்போது அடுத்த ஆளுக்குத் தொற்றத் தயார். விழுங்கிய முட்டை வளர்ந்து தானே முட்டையிட ஒரு மாதத்திலிருந்து இரண்டு மாதம் ஆகும். உங்கள் "ஒன்றரை மாதத்தில் திரும்பியது" என்ற கணக்கு இதில் அப்படியே பொருந்துகிறது பாருங்கள்.

மலப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்ததைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முட்டை மலத்தில் இல்லை, தோலில் இருக்கிறது. இதற்கான சோதனை செல்லோடேப் சோதனை. சாயங்காலம் கிளினிக்குக்குப் பிள்ளையைக் கூட்டிப்போய் எடுத்துப் பயனில்லை. காலையில் கண் விழித்ததும், கழிவறைக்குப் போகும் முன், குளிக்கும் முன் எடுக்க வேண்டும். ஒளி ஊடுருவும் டேப்பாக இருக்கட்டும் (மங்கலான வெள்ளை டேப்பை ஒட்டிக்கொண்டு வந்தால் மைக்ராஸ்கோப்பில் ஒன்றும் தெரியாது, எத்தனையோ பேர் அப்படிக் கொண்டுவருவார்கள்). பிட்டத்தை இரு பக்கமும் விலக்கி, டேப்பின் ஒட்டும் பக்கத்தை ஆசனவாயைச் சுற்றி அழுத்தி எடுத்து, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஸ்லைடைக் கிளினிக்கிலேயே கேட்டு வாங்கலாம். மைக்ராஸ்கோப்பில் முட்டை ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் வளைந்தும், சில முட்டைக்குள் சுருண்ட குட்டிப் புழுவோடும் தெரியும். ஒரு தடவை பார்த்தவருக்கு மறக்காது. பூச்சி எல்லா இரவும் வெளியே வராது, அதனால் தொடர்ந்து மூன்று காலை எடுத்தால்தான் நம்பலாம். இவ்வளவு சிரமம் வேண்டாம் என்றால், தூங்கி இரண்டு மூன்று மணி நேரம் கழித்துக் கைப்பேசி டார்ச்சை அடித்துப் பாருங்கள், நெளிவது கண்ணுக்கே தெரியும். சங்கடமான வேலைதான். ஆனால் பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது, சோதனையே தேவையில்லை.

பெண் பிள்ளை என்பதால் இன்னொன்று. பூச்சி சில நேரம் முன்பக்கமும் போய்விடும். அங்கே எரிச்சல், அரிப்பு, லேசான வெள்ளைப்படுதல், திடீரென்று படுக்கையை நனைப்பது என்று வரும். சிறுநீர்க் கிருமி என்று நினைத்து மருந்து மேல் மருந்து கொடுப்பவர்கள் உண்டு. டாக்டரிடம் போகும்போது இரவு அரிப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சரி, மருந்து. அல்பெண்டசோல், இங்கே ஜென்டெல் என்ற பெயரில் பலருக்குத் தெரிந்தது, அல்லது மெபெண்டசோல். இரண்டும் பூச்சி சர்க்கரையை உறிஞ்சவிடாமல் தடுத்துப் பட்டினி போட்டுக் கொல்லும், ஆனால் முட்டையை ஒன்றும் செய்யாது. மாத்திரை போட்ட அன்றே நகத்திலிருந்தோ தலையணையிலிருந்தோ ஒரு முட்டை உள்ளே போனால் அது தப்பித்துவிடும். அதனால்தான் இரண்டு வாரம் கழித்து இரண்டாவது தடவை. அதற்குள் வளரத் தொடங்கியதை, அது முட்டையிடும் முன்பே தீர்த்துவிடலாம். இந்த இரண்டாவது தடவையைத்தான் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள், அரிப்பு நின்றுவிட்டதே என்று.

இன்னொரு பாதிப் பேர் செய்யும் தவறு, அரிக்கிற பிள்ளைக்கு மட்டும் கொடுப்பது. வீட்டில் இருக்கும் எல்லாரும் ஒரே நாளில் போட வேண்டும்: அப்பா, அம்மா, பாட்டி, அரிப்பே இல்லாத தம்பி உட்பட. பலருக்கு அறிகுறியே இருக்காது, ஆனால் முட்டையைப் பரப்புவார்கள். வீட்டில் கர்ப்பிணியோ இரண்டு வயதுக்குக் கீழே குழந்தையோ இருந்தால் அவர்களுக்கு மட்டும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். தாத்தாவைப் போட வைப்பதுதான் கஷ்டம், "எனக்கெதுக்குப் பூச்சி மாத்திரை" என்பார். பேத்தியோடு ஒரே மெத்தையில் படுப்பவர் அவர்தான் என்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

மருந்தோடு வீட்டு வேலையும் உண்டு. வீட்டுக்குள்ளே முட்டை இரண்டு மூன்று வாரம் உயிரோடு இருக்கும், வெயிலும் காய்ந்த சூடும் அதற்கு ஆகாது. மாத்திரை போட்ட மறுநாள் காலையில் படுக்கை விரிப்பு, தலையணை உறை, உள்ளாடை, துண்டு எல்லாவற்றையும் உதறாமல் சுருட்டி நேராக மெஷினில் போடுங்கள். உதறினால் முட்டை காற்றில் பறந்து பக்கத்து மெத்தைக்குப் போகும். சுடுநீரில் துவைத்தால் நல்லது. நம் வீடுகளில் பெரும்பாலும் குளிர்ந்த தண்ணீர் மெஷின்தான், அப்படியானால் நல்ல வெயிலில் காயப்போட்டு உள்ளாடைக்கு ஒரு இஸ்திரி போட்டுவிடுங்கள். படுக்கையறையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். பிள்ளை இரவில் இறுக்கமான உள்ளாடை போட்டுத் தூங்கட்டும், காலையில் எழுந்ததும் குளிக்கட்டும். இரவில் இட்ட முட்டையில் பெரும்பகுதி அந்தக் குளியலிலேயே போய்விடும். நம் ஆட்கள் காலையில் குளிப்பாட்டித்தான் பள்ளிக்கு அனுப்புவார்கள், அந்தப் பழக்கம் இங்கே கைகொடுக்கிறது. "நேற்று ராத்திரிதானே குளித்தாய்" என்று முகத்தை மட்டும் கழுவி வேனில் ஏற்றும் வீடுகளும் இப்போது அதிகம், ஆறரைக்கு வேன் வந்தால் என்ன செய்வது. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். அவ்வளவுதான். வீடு முழுக்கக் கிருமிநாசினி அடித்துக் காசைக் கரியாக்க வேண்டாம்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன், மண்ணையே மிதிக்காத பிள்ளைக்கு எப்படி என்று. பூச்சி என்றதும் மண்ணும் வெறுங்காலும் நம் ஆட்களுக்கு ஞாபகம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. நம் தாத்தா பாட்டி கால ரப்பர் தோட்டங்களில் அது உண்மை. லயன் வீட்டுக்கு ஒழுங்கான கழிவறை கிடையாது, வெறுங்காலோடு பால் மரம் வெட்டப் போவார்கள், ஈர மண்ணிலிருந்த கொக்கிப்புழுவின் குட்டி காலின் தோலைத் துளைத்து ஏறிக் குடலில் ரத்தம் குடிக்கும். சோகை பிடித்து, மூச்சு வாங்கி, சாரமில்லாமல் போனவர்களைச் சோம்பேறி என்று ஏசிய காலம் அது. 1915இலிருந்து 1917 வரை ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் ஆய்வுக் குழு கொக்கிப்புழுவைப் பற்றி ஆராய மலாயாவுக்கே வந்தது. அப்புறம் தோட்டங்களிலிருந்து கோலாலம்பூருக்கு வந்து புறம்போக்கு வீடுகளில் குடியேறியபோது வடிகாலும் கழிவறையும் சரியில்லாத அங்கேயும் பிள்ளைகளின் வயிற்றில் நாக்குப்பூச்சியும் சாட்டைப்புழுவும் ஏராளம். 1974இல் பள்ளிகளில் பூச்சி மருந்து கொடுக்கும் திட்டம் தொடங்கி 1983இல் நிறுத்தப்பட்டது. வாங்கி விழுங்கியவர்களுக்கு இப்போது ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், கேட்டுப் பாருங்கள். ஆகவே உங்கள் மாமியார் பூச்சியைப் பற்றிக் கவலைப்படுவதை அலட்சியம் செய்யாதீர்கள், அவர் பார்த்தது வேறு பூச்சி.

அந்தப் பழைய மூன்றும் மண் வழியாகத்தான் ஓடும். நாக்குப்பூச்சி ஒரு நாளைக்கு இரண்டு லட்சம் முட்டை போடும், ஆனால் மலத்தோடு வெளியே வந்த முட்டை ஈர மண்ணில் இரண்டு மூன்று வாரமாவது கிடந்து பக்குவப்பட்டால்தான் தொற்றும். ஃப்ளஷ் இழுத்துக் குழாய் வழியே சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்விட்டால் சங்கிலி அறுந்துவிடுகிறது. நகரத்தில் இவை குறைந்ததற்கு மாத்திரையைவிடக் கழிவறைதான் காரணம் என்பது என் கருத்து. வீட்டு வேலைக்கு வரும் வெளிநாட்டுப் பெண்ணைக் காட்டி "இவளால்தான் பிள்ளைக்கு நாக்குப்பூச்சி" என்று பேசுவதும் இதனாலேயே அபத்தம். ஒரே வீட்டில், ஒரே ஃப்ளஷ் கழிவறையைப் பயன்படுத்தினால் அந்த முட்டை பக்குவப்பட இடமே இல்லை. இன்றும் இந்தப் புழுக்கள் கடுமையாக இருப்பது பழங்குடிக் கிராமங்களில், அங்கே ஆய்வுக்கு ஆய்வு அதிக விழுக்காடு வந்துகொண்டுதான் இருக்கிறது.

அடுக்குமாடி நமக்குக் கழிவறையைக் கொடுத்தது, நெருக்கத்தையும் கொடுத்தது. பிபிஆர், அதாவது அரசாங்க மலிவு விலை அடுக்குமாடி வீடு என்றால் 700 சதுர அடி, மூன்று அறை. அதில் ஏழெட்டுப் பேர் இருந்தால் பிள்ளைகள் ஒரே மெத்தையில்தான் படுப்பார்கள். கீரிப்பூச்சிக்கு ஆபத்துக் காரணி என்று எதையாவது முதலில் எழுத வேண்டுமானால் நான் இதைத்தான் எழுதுவேன்: எத்தனை பேர் ஒரு படுக்கையில். அடுத்தது வயது. ஐந்திலிருந்து பத்து வயதுக்குள், அதிலும் விரல் சூப்புகிற, நகம் கடிக்கிற பிள்ளை. வீட்டில் தாடிகா என்கிற பாலர் பள்ளிக்கோ குழந்தைப் பராமரிப்புக்கோ போகும் தம்பி தங்கை இருந்தால் அதுவும் ஒன்று. அப்புறம் சோப்பு. பள்ளிக் கழிவறையில் தண்ணீர் இருக்கும், சோப்பு இருக்குமா என்று உங்கள் மகளைக் கேளுங்கள். இருபது நிமிட இடைவேளையில் வரிசையில் நின்று நாசி லெமாக் வாங்கித் தின்று முடிக்க வேண்டிய பிள்ளை, சோப்பு இருந்தாலும் கை கழுவுவாளா என்பது வேறு கதை.

நகரப் பள்ளிப் பிள்ளைகளின் ஒட்டுண்ணி ஆய்வுகளில் வழக்கமாகத் தாயின் படிப்பு, குடும்ப வருமானம், பிள்ளைகளின் எண்ணிக்கை என்று ஒரு பட்டியல் வரும். படித்துவிட்டு "படிக்காத அம்மாவால்தான்" என்று முடிவுக்கு வருபவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். தாயின் சான்றிதழ் பூச்சியைத் தடுப்பதில்லை. குறைந்த படிப்பு என்றால் குறைந்த சம்பளம், சின்ன வீடு, இரண்டு ஷிப்ட் வேலை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒன்பது வயது அக்கா. இதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. டாமான்சாரா பணக்காரப் பங்களாவிலும் கீரிப்பூச்சி வரும், வந்திருக்கிறது, அவர்கள் வெளியே சொல்வதில்லை.

பிள்ளை ஒல்லியாக இருப்பதற்கெல்லாம் பூச்சியே காரணம் என்றும் நினைக்காதீர்கள். கோலாலம்பூர் மலிவு விலை அடுக்குமாடிகளைப் பற்றி யுனிசெஃப் 2018இல் வெளியிட்ட ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமில்லாமல் இருந்தார்கள். அது முக்கியமாகச் சாப்பாட்டுப் பிரச்சினை, முட்டையும் மீனும் பருப்பும் வாங்கக் காசில்லாத பிரச்சினை. கீரிப்பூச்சி தூக்கத்தைக் கெடுக்கும், வகுப்பில் கவனத்தைக் கெடுக்கும், ஆளை ஒல்லியாக்குவது அரிது.

வயிற்றைப் பிடிக்கும் ஒட்டுண்ணி நகரத்தில் வேறொன்று இருக்கிறது, ஜியார்டியா. புழு இல்லை, கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிரி. 1681இல் லேவன்ஹூக் தன் மலத்தையே தன் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துக் கண்டது இதைத்தான் என்பார்கள். இதற்கும் மண் வேண்டாம், வெளியே வந்த நிமிடமே தொற்றும். கை சுத்தமில்லாதவர் தொட்ட சாப்பாடு, தாடிகாவில் பாம்பர்ஸ் மாற்றிய கை, கொதிக்காத தண்ணீர் போதும். அறிகுறி: வாரக்கணக்கில் விட்டு விட்டு வயிற்றுப்போக்கு, எண்ணெய்ப் பசையோடு மிதக்கும் நாற்றமான மலம், வயிறு உப்புசம், எடை குறைவு, பால் குடித்தால் இன்னும் மோசம். இப்படி இருக்கும் பிள்ளைக்கு ஒரு பூச்சி மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது, அந்த ஒரு மாத்திரை இதைத் தீர்க்காது. மெட்ரோனிடசோல் போன்ற வேறு மருந்து, டாக்டர் எழுதித் தர வேண்டியது. இங்கே மலப் பரிசோதனை உதவும், ஆனால் இதுவும் தினமும் வெளியே வராது, வெவ்வேறு நாளில் மூன்று தடவை கொடுங்கள். அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானில் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான்.

பேனும் சொறியும்கூட ஒட்டுண்ணிதான். இரவில் அரிப்பு விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் தொப்புளைச் சுற்றியும் இருந்து, வீட்டில் இரண்டு மூன்று பேர் சொறிந்தால், அது சொறிப்பூச்சி, மலாய்க்காரர்கள் கூடிஸ் புத்தா என்பார்கள். அதற்குக் கழுத்திலிருந்து கால் வரை பூசும் களிம்பு.

பூனை பாவம், அதை விட்டுவிடுங்கள். கீரிப்பூச்சிக்கு மனிதன்தான் வீடு, பூனையிடமிருந்து வராது. பூனையின் புழு வேறு. கவலைப்பட வேண்டியது உங்கள் வீட்டுப் பூனையைவிட, கீழே விளையாட்டு மைதான மணலில் போய்விட்டு வரும் தெருப் பூனைகள். அந்த மலத்தில் வரும் டாக்சோகாரா என்ற புழுவின் முட்டை மணலில் சில வாரம் கிடந்து, பிள்ளையின் வாய்க்குப் போனால் அதன் குட்டிகள் ஈரலிலும், அபூர்வமாகக் கண்ணிலும் அலையும். மணலில் விளையாடிவிட்டு வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் தொடவிடாதீர்கள். போர்ட் டிக்சன் கடற்கரைக்குப் போய் வந்து சில நாளில் பாதத்தில் சிவப்பாக வளைந்து வளைந்து ஒரு கோடு தோன்றி, நாளுக்கு நாள் நீண்டு, அரித்தால், அது நாய் பூனையின் கொக்கிப்புழுக் குட்டி. தோலுக்குள்ளேயே வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருக்கும். டாக்டரிடம் காட்டினால் மருந்து இருக்கிறது.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாத்திரை கொடுக்கலாமா என்றால், கொடுத்தால் பெரிய கெடுதல் இல்லை, ஆனால் உங்கள் பிள்ளைக்கு அது அவசியமும் இல்லை. ஊரில் பிள்ளைகளிடம் மண்வழிப் புழு 20 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் வருடத்துக்கு ஒரு தடவை, 50 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் இரண்டு தடவை என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. செந்தூல் அடுக்குமாடிக்கு அது பொருந்தாது. தோட்டத்தில் இருக்கும் பாட்டி வீட்டில் பள்ளி விடுமுறை முழுக்க வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளை என்றால் வருடத்துக்கு ஒரு தடவை கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, கூடவே ஒரு ஜோடி ஜப்பான் சிலிப்பரும் வாங்கிக் கொடுங்கள். எப்படியும் கீரிப்பூச்சிக்கு ஆறு மாதக் கணக்கு உதவாது. மாத்திரை போட்ட அடுத்த வாரமே திரும்பத் தொற்றலாம்.

தூக்கத்தில் பல் கடிப்பது, முகத்தில் வெள்ளைத் தேமல், இனிப்புக்கு ஏங்குவது, இதெல்லாம் பூச்சிக்கு அடையாளம் இல்லை. கன்னத்தில் வரும் மங்கலான வெள்ளைத் திட்டு காய்ந்த தோலால் வருவது, அதற்கு மாய்ஸ்சரைசர் போதும். சனிக்கிழமை விளக்கெண்ணெய் குடித்தால் நாள் முழுக்கக் கழிவறையில் உட்கார வேண்டியிருக்கும், நகத்தில் இருக்கும் முட்டை அப்படியே இருக்கும். வேப்பங்கொழுந்து மாத்திரைக்கு ஈடாகாது, மாமியாரின் திருப்திக்குக் கொஞ்சம் கொடுத்தால் பாதகமில்லை, ஆனால் அதை நம்பி இரண்டாவது மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

கடைசியாகப் பள்ளி. புகார் என்று போகாதீர்கள், யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பிள்ளையை வீட்டில் நிறுத்தவும் வேண்டாம். முதல் மாத்திரை போட்டு, குளித்து, நகம் வெட்டியாயிற்று என்றால் பள்ளிக்கு அனுப்பலாம். வகுப்பாசிரியரிடம் மட்டும் தனியாகச் சொல்லுங்கள், பெயர் குறிப்பிடாமல் "வகுப்பில் சிலருக்குக் கீரிப்பூச்சி இருக்கலாம், இரவில் அரிப்பு இருந்தால் கவனியுங்கள்" என்று பெற்றோருக்கு ஒரு செய்தி அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் எல்லாரும் இரண்டு தடவை போட்ட பிறகும் திரும்பி வந்தால், பள்ளி முடிந்து அவள் டிரான்சிட் என்கிற பராமரிப்பு இடத்துக்குப் போகிறாள் என்றால் அங்கேயும் கேளுங்கள், மதியத் தூக்கத்துக்கு அங்கே பிள்ளைகள் ஒரே விரிப்பில் படுக்கிறார்களா, அதை எப்போது துவைக்கிறார்கள் என்று. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நீங்களே மகள் பெயரைப் போட்டு எழுதிவிடாதீர்கள். எட்டு வயதுப் பிள்ளைகள் ஒரு பட்டப்பெயர் வைத்தால் ஆறாம் ஆண்டு வரை விடமாட்டார்கள்.